மஞ்சப்பையில் பதினோரு மாத்திரை: வால்பாறையிலிருந்து குடும்ப மருத்துவரைத் தேடிப் போன ஒரு தம்பதி

பதிவைப் பற்றி

வால்பாறையில் வாழும் ஓய்வுபெற்ற எஸ்டேட் தொழிலாளி ஒருவருக்கும் அவர் மனைவிக்கும் 2018 முதல் 2024 வரை நடந்ததை இங்கே எழுதுகிறேன். நான் ஒரு எஸ்டேட் ஆஸ்பத்திரியில் 27 வருடம் மருந்தாளுநராக இருந்தவன். மலையில் இன்றும் ‘கம்பவுண்டர்’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். ஓய்வுக்குப் பிறகு டவுனில் ஒரு மருந்துக்கடையில் மாலை நேரம் நிற்கிறேன். அந்தத் தம்பதியின் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன். மருந்துகளும் பரிசோதனை எண்களும் அவர்கள் வீட்டு நோட்டில் இருப்பவை. இதைப் படித்துவிட்டு யாரும் தாமாக எந்த மாத்திரையையும் நிறுத்தக் கூடாது. கீழே வரும் ஒவ்வொரு மாற்றமும் ஒரு மருத்துவர் பரிசோதித்து, ரத்தம் எடுத்துப் பார்த்துச் செய்தது.

பின்னணி

வால்பாறையிலிருந்து பொள்ளாச்சிக்கு ஏறக்குறைய 65 கிலோமீட்டர். தூரத்தைக் கேட்டால் பெரிதாகத் தெரியாது. ஆனால் அதில் 40 கொண்டை ஊசி வளைவுகள். பஸ்ஸில் மூன்று மணி நேரம் ஆகும். கவர்க்கல்லில் பனிமூட்டம் இறங்கிவிட்டால் வண்டி ஊர்ந்துதான் போகும். ஜூன் பிறந்தால் மழையும் மண்சரிவும் சேர்ந்துகொள்ளும். சுகர் உள்ளவர் வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்க வேண்டுமென்று காலை ஐந்து மணி பஸ்ஸில் கிளம்பினால், ஆழியாறு இறங்குவதற்குள் வாந்தி எடுத்துச் சோர்ந்துவிடுவார். இதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் எஸ்டேட் தொழிலாளிக்கும் குடும்பத்துக்கும் மருத்துவ வசதி தருவதை நிர்வாகத்தின் கடமையாக்கியது. அந்தச் சட்டப்படிதான் எங்கள் மலையில் எஸ்டேட் ஆஸ்பத்திரிகள் நடந்தன. அங்கே ஒரு டாக்டர், ஒரு நர்ஸ், ஒரு கம்பவுண்டர் இருப்பார்கள். வசதி குறைவுதான். ஆனால் லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், யாருக்கு என்ன வியாதி, யார் வீட்டில் யார் குடிக்கிறார், எந்தப் பிள்ளைக்கு எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்பதெல்லாம் அங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். பெயர்தான் வைக்கவில்லை, செய்தது குடும்ப மருத்துவம்.

ஓய்வு பெற்ற அன்று லயத்து வீட்டோடு அந்த ஆஸ்பத்திரியும் கைவிட்டுப் போகும். இந்த அண்ணாச்சிக்கு 2018இல், 58 வயதில், அது நடந்தது. பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். தாத்தா காலத்தில் மலையேறி வந்த குடும்பம். ஒரே மகன் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலையில். அண்ணாச்சியும், நான் அக்கா என்று கூப்பிடும் அவர் மனைவியும் டவுனை ஒட்டி வாடகை வீடு பிடித்தார்கள். ஓய்வு பெறும்போது அவர் சாப்பிட்டது இரண்டே மருந்து: சுகருக்கு மெட்ஃபார்மின், பிரஷருக்கு அம்லோடிபின் 5 மில்லிகிராம். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று ரத்தத்தில் காட்டும் கிரியாட்டினின் 1.1. இந்த எண் ஏறினால் சிறுநீரகம் சுணங்குகிறது என்று பொருள். பதினைந்து வருட விவரம் எழுதிய அவருடைய அட்டை ஆஸ்பத்திரி அலமாரியிலேயே தங்கிவிட்டது. அதைக் கையில் கொடுத்தனுப்ப வேண்டும் என்று அன்று எனக்கும் தோன்றவில்லை.

2019 முதல் 2022 வரை

இந்த மூன்றரை வருடத்தில் அண்ணாச்சியைப் பார்த்த மருத்துவர்கள் ஆறு பேர். ஒருவர்கூட அலட்சியமாகப் பார்க்கவில்லை என்பதைச் சொல்லிவிட வேண்டும். ஒவ்வொருவரும் அன்றைக்கு முன்னால் இருந்த தொந்தரவுக்குச் சரியாகத் தோன்றியதைச் செய்தார்கள்.

2019இல் ஒரு மருத்துவ முகாமில் பிரஷர் அதிகம் என்று அம்லோடிபினை 10 மில்லிகிராம் ஆக்கினார்கள். 2020 ஊரடங்கில் பஸ் இல்லை. பழைய சீட்டைக் காட்டியே மருந்து வாங்கினார். 2021 தொடக்கத்தில் இரண்டு கணுக்காலும் வீங்கின. பார்த்த ஒரு கிளினிக்கில் நீர் பிரிவதற்கு ஃபுரோஸமைடு கொடுத்தார்கள். வேறொரு கிளினிக்கில் சுகர் ஏறியிருக்கிறது என்று கிளிமிபிரைடும் மெட்ஃபார்மினும் சேர்ந்த மாத்திரை, காலையும் இரவும். 2022 ஜனவரியில் ஒரு நாள் விடியலில் வலது கால் பெருவிரல் சிவந்து, போர்வை பட்டாலே உயிர் போகிற வலி. டாக்டரிடம் போகவில்லை. மருந்துக்கடைக்கு வந்தார். டைக்ளோஃபெனாக் மாத்திரையில் வலி போய்விட்டது. அதன்பிறகு மூட்டு வலித்தாலும் இடுப்பு வலித்தாலும் அதேதான். அது டாக்டர் சீட்டில்லாமல் தரக் கூடாத மருந்து. அப்படி இரண்டு முறை எடுத்துக் கொடுத்தது நான்தான். எத்தனையோ வருடம் அவருக்கு மருந்து கட்டிக் கொடுத்த கை இது. வேறென்ன சாப்பிடுகிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த உறுத்தல் இன்றுவரை போகவில்லை.

2022 ஆகஸ்டில் ‘உடம்பு அசதியாகவே இருக்கு’ என்றார். மகன் கோவைக்குக் கூட்டிப்போய் ஒரு பெரிய மருத்துவமனையில் முழு உடல் பரிசோதனை செய்தார். பிரஷருக்கு டெல்மிசார்டன் சேர்ந்தது. சுகருக்கு ஒரு புதிய மாத்திரையும் எழுதினார்கள். பழைய மாத்திரையை நிறுத்தச் சொன்னார்களா என்பது யாருக்கும் நினைவில்லை. அண்ணாச்சி இரண்டையும் சாப்பிட்டார்.

அக்டோபர் மாதம், ஒரு விடியற்காலை

2022 அக்டோபரில் விடிகாலை நாலரை மணிக்கு அக்காவிடமிருந்து போன். “தம்பி, இவுக பேச்சே குழறுது. சட்டையெல்லாம் நனைஞ்சு கெடக்காக. என்னையப் பாத்து ‘அம்மா எப்ப வந்தே’ங்காக.”

நான் போனபோது சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மலைக் குளிரில் பனியன் பிழிகிற அளவுக்கு வியர்வை. வீட்டில் குளுக்கோமீட்டர் இருந்தது, ஸ்ட்ரிப் இல்லை. விழுங்குகிறாரா என்று முதலில் சொட்டுத் தண்ணீர் கொடுத்துப் பார்த்தேன். விழுங்கினார். மூன்று ஸ்பூன் சர்க்கரையைக் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தோம். 108 வந்தது. அதில் பார்த்தபோது, சர்க்கரைத் தண்ணீர் கொடுத்த பிறகும், ரத்தச் சர்க்கரை 52. அரசு மருத்துவமனையில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். ஒரு மணி நேரத்தில் தெளிந்துவிட்டார். வீட்டுக்குப் போகிறேன் என்று அடம் பிடித்தார். பணியில் இருந்த இளம் டாக்டர் விடவில்லை. கிளிமிபிரைடு உடம்பில் இருக்கும்வரை சர்க்கரை மறுபடியும் இறங்கும் என்று சொல்லி ஒரு நாள் முழுக்க வைத்துப் பார்த்தார். அவர் சொன்னபடியே மாலையில் மறுபடி 61க்கு இறங்கியது. அன்று எடுத்த ரத்தத்தில் கிரியாட்டினின் 2.1.

பையைக் கொட்டிப் பார்த்தபோது

டிஸ்சார்ஜ் ஆன மறுநாள் அக்கா மாத்திரை வைக்கும் மஞ்சப்பையைத் தரையில் விரித்த தினத்தாளில் கொட்டினார். பதினோரு விதம். பாதி அட்டைகள் கத்தரியால் வெட்டிக் கொடுத்தவை என்பதால் பெயர் பாதிதான் இருந்தது. ‘பச்சை அட்டையில ஒண்ணு, சிவப்பு அட்டையில ஒண்ணு, காலையிலயும் ராத்திரியும்’ என்பதுதான் அவர்கள் கணக்கு.

ஒவ்வொன்றாகப் பெயர் படித்து எழுதினேன். பச்சை அட்டையும் சிவப்பு அட்டையும் வேறு வேறு கம்பெனி, வேறு வேறு பெயர். பின்பக்கப் பொடி எழுத்தில் இரண்டிலும் ஒரே இரண்டு மருந்து: கிளிமிபிரைடு, மெட்ஃபார்மின். ஒன்றில் 2 மில்லிகிராம், மற்றதில் 1. இரண்டையும் இரு வேளை சாப்பிட்டதில் ஒரு நாளைக்குக் கிளிமிபிரைடு மட்டும் 6 மில்லிகிராம் உள்ளே போயிருக்கிறது. வயிற்றுப் புண்ணுக்கும் ஒரே வகையில் இரண்டு மாத்திரைகள். அவற்றோடு டெல்மிசார்டன், ஃபுரோஸமைடு, டைக்ளோஃபெனாக் மூன்றும் ஒரே பையில். இந்த மூன்றும் சேர்ந்தால் சிறுநீரகத்துக்கு ஆகாது என்பது மருந்தாளுநர் படிப்பில் சொல்லிக் கொடுக்கும் பாடம். தனித்தனிச் சீட்டாக வந்ததால் ஒருவர் கண்ணிலும் மூன்றும் சேர்ந்து படவில்லை.

இந்த வீட்டுக்கு இன்னொரு ஸ்பெஷலிஸ்ட் தேவையில்லை, பையை முழுதாகக் கொட்டிப் பார்க்கிற ஒரு டாக்டர் தேவை என்பது அந்தத் தினத்தாளின் முன்னால் உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்குத் தெளிவானது.

தேடல்

மகன் போனில் கோபமாகப் பேசினார். “கோயம்புத்தூர்ல கிட்னி டாக்டர்ட்ட காட்டிரலாம் மாமா. மலையில என்ன இருக்கு?” அவர் பயம் நியாயமானது. கிரியாட்டினின் குறையாவிட்டால் சிறுநீரக மருத்துவரிடம் போகத்தான் வேண்டும். ஆனால் அதற்கு முன் அத்தனை மருந்தையும் சேர்த்துப் பார்க்க ஒருவர் வேண்டும் என்றேன். இரண்டு வாரம் கேட்டேன். ஒத்துக்கொண்டார்.

டவுன் அரசு மருத்துவமனையில் எங்களைக் காப்பாற்றிய அந்த டாக்டரிடமே தொடரலாமா என்பதுதான் முதல் யோசனை. அவரே ஒளிக்காமல் சொன்னார்: மேற்படிப்புக்குத் தயாராகிக்கொண்டிருக்கிறார், எத்தனை மாதம் இங்கே இருப்பார் என்று தெரியாது. அவசரத்துக்கும் ரத்தப் பரிசோதனைக்கும் அங்கேயே வரலாம், வருடக்கணக்கில் பார்க்கிற பொறுப்பைத் தன்னால் ஏற்க முடியாது. அந்த நேர்மைக்கு இன்றும் அவரை நன்றியோடு நினைக்கிறேன்.

அடுத்து பொள்ளாச்சியில் நாற்பது வருடமாக வைத்தியம் பார்க்கும் ஒரு பெரியவர். எம்.பி.பி.எஸ். மட்டும்தான், ஆனால் கைராசிக்காரர். காலையில் போய் மதியம் இரண்டரைக்கு உள்ளே போனோம். அண்ணாச்சியின் நகத்தையும் கண்ணிமையையும் பார்த்துவிட்டே பாதியைச் சொல்லிவிட்டார். ஆனால் நோட்டு எதுவும் வைப்பதில்லை, போனில் பேசுவதில்லை. “நீங்க மலையில இருந்து மாசாமாசம் இறங்கி வரணுமே, அது முடியுமா?” என்று அவரே கேட்டார். முடியாது.

குடும்ப மருத்துவத்தில் தனியாகப் பட்டம் உண்டு என்பது மலையில் பலருக்குத் தெரியாது. எம்.பி.பி.எஸ். முடித்த எவரும் ‘குடும்ப மருத்துவர்’ என்று போர்டு வைக்கலாம். அவர்களில் அனுபவத்தால் தேர்ந்தவர்களும் உண்டு. ஆனால் மூன்று வருடம் குழந்தை, பிரசவம், முதியவர், மனநலம், சிறு அறுவை எல்லாவற்றிலும் சுழற்சியில் பயிற்சி பெற்று டி.என்.பி. (தேசியத் தேர்வு வாரியம் தரும் முதுநிலைப் பட்டம்) குடும்ப மருத்துவம் முடித்தவர்கள் தனி. சில கல்லூரிகளில் எம்.டி. படிப்பாகவும் இருக்கிறது. வேலூர் சி.எம்.சி. ஏற்கெனவே வேலையில் இருக்கும் டாக்டர்களுக்குத் தொலைநிலைப் பட்டயமாகவும் இதை நடத்துகிறது. ஒருவர் எந்த மருத்துவ கவுன்சிலில் பதிவு செய்திருக்கிறார் என்பதைப் பெயரை வைத்து இணையத்தில் சரிபார்க்க முடியும்.

பட்டத்தை மட்டும் வைத்து முடிவெடுக்கக் கூடாது என்று நினைத்தேன். ஒரு துண்டுக் காகிதத்தில் கேட்க வேண்டியதை எழுதிக்கொண்டேன். எங்களுக்கென்று ஒரு நோட்டு அல்லது கோப்பு வைப்பீர்களா? வேறு டாக்டர் எழுதியதை நிறுத்தவோ மாற்றவோ வேண்டியிருந்தால் அவரிடம் பேசுவீர்களா? நேரில் ஒருமுறை பார்த்தபின் போனில் தொடர முடியுமா? நீங்கள் ஊரில் இல்லாதபோது யாரைக் கேட்பது? நான்காவது கேள்விதான் ஆளைக் காட்டிக்கொடுத்தது. தெளிவாகப் பதில் சொன்னவர் ஒருவர்தான்.

அவரைப் பற்றிச் சொன்னது என்னோடு வேலை பார்த்த எஸ்டேட் நர்ஸ். அவர் மகள் வீடு மலையடிவாரத்தில் ஒரு கிராமம். அங்கே டி.என்.பி. குடும்ப மருத்துவம் முடித்த ஒரு பெண் டாக்டர், வீட்டு முன்னறையிலேயே கிளினிக் வைத்திருக்கிறார் என்றார். வேலை தேடவும் பெண் பார்க்கவும் வீட்டுக்கு வீடு விசாரிப்போம். டாக்டர் விஷயத்தில் மட்டும் போர்டைப் பார்த்துப் போகிறோம். ஊர் நர்ஸ், லேப் வைத்திருப்பவர், மருந்துக்கடைக்காரர் இந்த மூவருக்கும் எந்த டாக்டர் எப்படி எழுதுகிறார் என்பது அத்துப்படி. நாங்களும் அங்கேதான் தொடங்கியிருக்க வேண்டும்.

முதல் சந்திப்பு

2022 நவம்பர் முதல் வாரம் போனோம். போனில் பதிவு செய்தபோதே “எல்லா மாத்திரையும் அட்டையோட கொண்டு வாங்க, பழைய சீட்டு கிழிஞ்சிருந்தாலும் பரவால்ல” என்று சொல்லியிருந்தார்கள். டாக்டரே மேசையில் மஞ்சப்பையைக் கொட்டினார். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

ஐம்பது நிமிடம் பேசினார். என்ன மாத்திரை என்பதைவிட எந்த வருடம், எதற்காக, யார் கொடுத்தது என்றுதான் அதிகம் கேட்டார். தேதி வாரியாக ஒரு தாளில் கோடு போட்டு எழுதினார். கோடு நீள நீள எனக்கும் விளங்கியது. அம்லோடிபின் அளவு கூடினால் சிலருக்குக் கணுக்கால் வீங்கும். அது சிறு ரத்தக்குழாய்கள் விரிவதால் வரும் வீக்கம், உடலில் நீர் கூடியதால் அல்ல. அதனால் நீர் மாத்திரை பெரிதாக உதவாது. ஃபுரோஸமைடு யூரிக் அமிலத்தைக் கூட்டும். அதில் வந்தது பெருவிரல் வலி. வலிக்கு டைக்ளோஃபெனாக். அது சிறுநீரகத்தைத் தாக்கியது. சிறுநீரகம் சுணங்கினால் கிளிமிபிரைடின் வேகம் உடம்பில் நீடிக்கும். அதுவும் இரட்டை அளவு. கடைசியில் அக்டோபர் விடியல்.

“ஒரு மாத்திரையால வந்ததுக்கு இன்னொரு மாத்திரை, அதால வந்ததுக்கு இன்னொண்ணு. ஐயா மேல தப்பில்ல, யார் மேலயும் தனியா சொல்ல முடியாது” என்றார் டாக்டர்.

அண்ணாச்சியின் காலணியைக் கழற்றி, விரலிடுக்கு வரை பார்த்தார். வீட்டில் யார் சமையல், மாத்திரையை யார் எடுத்துக் கொடுப்பது, ஆங்கிலம் படிக்கத் தெரியுமா, குளியலறை வெளியிலா என்றெல்லாம் கேட்டார். கிளம்புகிற நேரத்தில் அக்காவைப் பார்த்து, “அம்மா, நீங்க கையை நீட்டுங்க” என்றார். அக்கா கூச்சப்பட்டார். “எனக்கு ஒண்ணுமில்லம்மா, இவுகளப் பாருங்க.” பிரஷர் 174/102. ஐந்து நிமிடம் உட்கார வைத்து மறுபடி பார்த்தார். 168/100. நாலு வருடமாக எல்லா ஆஸ்பத்திரி வாசலிலும் பக்கத்தில் நின்றவர் அவர். ஒருவரும் அவர் கையில் பட்டையைச் சுற்றியதில்லை.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

டைக்ளோஃபெனாக்கும் ஃபுரோஸமைடும் அன்றே நின்றன. கிளிமிபிரைடு உள்ள இரண்டு அட்டைகளையும் அரசு மருத்துவமனை டாக்டர் ஏற்கெனவே நிறுத்தியிருந்தார். இவர் அந்த அட்டைகளையே வாங்கி வைத்துக்கொண்டார், வீட்டில் இருந்தால் கை தானாகப் போகும் என்பதற்காக. கிரியாட்டினின் குறையும்வரை மெட்ஃபார்மினும் டெல்மிசார்டனும் வேண்டாம் என்றார். இடைக்காலத்துக்குச் சிறுநீரகம் சுணங்கினாலும் அளவு மாற்ற வேண்டாத லினாக்ளிப்டின் என்ற சுகர் மாத்திரை மட்டும். அம்லோடிபின் பழையபடி 5. இதய நோய் எதுவும் உறுதியாகாததால் பையில் இருந்த ஆஸ்பிரினை நிறுத்தினார். வயிற்றுப் புண் மாத்திரையில் ஒன்றை உடனே, மற்றதை வலி மாத்திரையின் பாதிப்பு அடங்கியபின் நிறுத்தச் சொன்னார். வலி வந்தால் பாராசிட்டமால், அளவோடு.

பிரஷர் சில வாரம் கூடுதலாகத்தான் இருக்கும் என்று முன்பே எச்சரித்தார். இதை நான் முக்கியமாக நினைக்கிறேன். சொல்லாமல் விட்டிருந்தால் எண்ணைப் பார்த்துப் பயந்து நாங்கள் இன்னொரு டாக்டரிடம் ஓடியிருப்போம்.

கோவை மருத்துவமனைக்கு ஒரு கடிதம் எழுதினார். எதை ஏன் நிறுத்தினேன் என்று நாலு வரி. மகனுக்கு நிம்மதி வந்தது அந்தக் கடிதத்தில்தான்.

மலையிறங்குவதைக் குறைக்க ஓர் ஏற்பாடு செய்தோம். ரத்தப் பரிசோதனை வால்பாறையிலேயே. பிரஷரை வாரம் ஒருமுறை நான் பார்ப்பேன். 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கு வரும் தன்னார்வலர் பார்க்கும் எண்ணும் அதே நோட்டில் ஏறும். பக்கத்தைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால் டாக்டர் குறித்த நேரத்தில் கூப்பிடுவார். 2020 மார்ச்சில் வந்த தொலைமருத்துவ வழிகாட்டுதல்கள், நேரில் பார்த்த நோயாளிக்கு இப்படித் தொடர் ஆலோசனை தருவதை முறைப்படுத்தியிருக்கின்றன. மூன்று மாதத்துக்கு ஒருமுறை நேரில். போன் ஆலோசனைக்கும் கட்டணம் உண்டு. அதைக் கேட்டு அண்ணாச்சி முதலில் முகம் சுளித்தார். பஸ் செலவையும் போய்வரும் ஒரு நாளையும் அக்கா கணக்குப் போட்டுச் சொன்னபின் பேசவில்லை.

அதன் பின் நடந்தது

இரண்டாவது வாரம் கிரியாட்டினின் 1.7. ஆறாவது வாரம் 1.5. கணுக்கால் வீக்கம் ஒரு மாதத்தில் வடிந்தது, அதுவும் நீர் மாத்திரை இல்லாமல். மெட்ஃபார்மின் குறைந்த அளவில் திரும்பியது. சிறுநீரில் புரதம் போவது தெரிந்ததால் ஜனவரியில் டெல்மிசார்டனைப் பாதி அளவில் மறுபடி தொடங்கி, இரண்டு வாரத்தில் பொட்டாசியமும் கிரியாட்டினினும் பார்த்தார். அதே மருந்து ஒரு நேரத்தில் கெடுதலாகவும் இன்னொரு நேரத்தில் காவலாகவும் இருந்ததை நேரில் பார்த்தேன். 2023 மார்ச்சில் கிரியாட்டினின் 1.4, மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவு (HbA1c) 7.4, பிரஷர் 136/82. மாத்திரை பதினொன்றிலிருந்து ஐந்து. பழைய 1.1 திரும்பி வரவில்லை. இனி வராது என்றும் டாக்டர் சொல்லிவிட்டார்.

அக்காவின் பிரஷர் ஒரே மாத்திரையில் கட்டுக்குள் வந்தது.

பின்னடைவும் வந்தது. 2023 ஜூலையில் திருப்பூரில் ஒரு கல்யாணம். மூட்டுவலிக்கு உறவினர் ஒருவர் கூட்டிப்போய் ‘வலி ஊசி’ போட்டுவிட்டார், தொடர்ந்து மூன்று நாள். நோட்டு வால்பாறையில் இருந்தது. ‘வலி மாத்திரை, வலி ஊசி கூடாது’ என்று டாக்டர் சிவப்பு மையில் எழுதி அட்டையில் ஒட்டிய வரியும் அதிலேயே இருந்தது. திரும்பி வந்து பார்த்தால் கிரியாட்டினின் 1.9. அந்த வாரம் மண்சரிவில் சாலை அடைபட்டிருந்தது. டாக்டர் போனிலேயே டெல்மிசார்டனை நிறுத்தச் சொல்லி, தண்ணீர் எவ்வளவு, சிறுநீர் எவ்வளவு என்று தினமும் கேட்டார். நாங்கள் அரசு மருத்துவமனையில் ரத்தம் கொடுத்துக்கொண்டே இருந்தோம். மூன்று வாரத்தில் 1.5க்கு இறங்கியது. சாலை திறந்திருந்தாலும் இதைவிட வேறு என்ன செய்திருப்பார்கள் என்று எனக்குத் தெரியவில்லை.

மாற்றிச் செய்ய வேண்டியவை

எஸ்டேட்டிலிருந்து ஓய்வு பெறுகிற ஒவ்வொருவர் கையிலும் மருத்துவ விவரம் ஒரு பக்கமாவது கொடுக்க வேண்டும். பி.எஃப்., கிராஜுவிட்டிக்கு அத்தனை காகிதம் கொடுக்கிறோம். இதற்கு ஒரு தாள் இல்லை. நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரியில் இதைக் கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறேன். இரண்டு பேருக்குக் கொடுத்திருக்கிறார்கள்.

கடையில் வலி மாத்திரை கேட்டு வருபவரிடம் இப்போது நான் சீட்டும், சுகர் பிரஷர் விவரமும் கேட்காமல் எடுத்துத் தருவதில்லை. சிலர் கோபித்துக்கொண்டு வேறு கடைக்குப் போகிறார்கள். அட்டையை வெட்டிக் கொடுக்கும்போது மருந்தின் பெயர் தெரிகிற பக்கத்தை விட்டு வெட்டுகிறேன், கவரின் மேல் எதற்கான மாத்திரை என்று தமிழில் எழுதுகிறேன். நோட்டின் முதல் பக்கம் அண்ணாச்சி போனிலும் மகன் போனிலும் படமாக இருக்கிறது. அதைத் திருப்பூர் கல்யாணத்துக்கு முன்பே செய்திருக்கலாம்.

டாக்டரைத் தேடுவதை நாங்கள் ஆபத்து வந்தபின் தொடங்கினோம். ஓய்வு பெற்ற மாதமே, உடம்பு நன்றாக இருக்கும்போதே, இருவரும் போய்ப் பழகியிருக்க வேண்டும். அக்காவின் பிரஷர் எத்தனை வருடம் அப்படி இருந்தது என்பதை இனி யாராலும் சொல்ல முடியாது. இன்னொன்றும் உண்டு. அடிவாரத்து டாக்டரைக் கண்டுபிடித்ததும், டவுனில் இரண்டாவதாக ஒருவரை அறிமுகப்படுத்தி வைக்க ஒரு வருடத்துக்கு மேல் தாமதித்தோம். ஒரே ஆளை நம்பி இருப்பதன் ஆபத்து 2024இல் தெரிந்தது.

2024

பிப்ரவரியில் டாக்டர் போன் செய்தார். கணவருக்கு வெளிமாநிலத்தில் வேலை மாற்றம், ஜூனோடு கிளினிக்கை மூடுகிறார். அக்கா அழுதுவிட்டார். டாக்டர் நாங்கள் கேட்காமலே மூன்று மாதம் எடுத்துக்கொண்டு ஒவ்வொரு குடும்பத்துக்கும் யார் பார்ப்பது என்று பேசி வைத்தார். எங்களுக்கு வால்பாறையிலேயே புதிதாகக் கிளினிக் போட்டிருந்த ஓர் இளம் டாக்டர். எம்.பி.பி.எஸ்., வேலூரின் தொலைநிலைப் பட்டயத்தில் சேர்ந்து படித்துக்கொண்டிருந்தார். இருவரும் போனில் அரை மணி நேரம் பேசினார்கள். இரண்டு பக்கத்தில் ஒப்படைப்புக் கடிதம் வந்தது: எது எப்போது தொடங்கியது, எது ஏன் நின்றது, எதை மறுபடி தொடங்கக் கூடாது. இரண்டாம் பக்கம் அக்காவைப் பற்றியது.

ஜூன் இரண்டாம் ஞாயிறு, நல்ல மழையில், மூவரும் அந்தக் கிளினிக்குக்குப் போனோம். அண்ணாச்சி வழக்கம்போல மஞ்சப்பையை மேசையில் வைத்தார். டாக்டர் கடிதத்தை இரண்டு முறை படித்தார். பிறகு பிரஷர் பட்டையை எடுத்துக்கொண்டு அக்கா பக்கம் திரும்பினார்.

“அம்மா, இன்னைக்கு உங்க மாத்திரை சாப்பிட்டீங்களா?”